ஒரத்தநாட்டில் இறங்கிய நாட்கள்

புயல் அடித்தபோது நான் தஞ்சாவூரில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பேராவூரணிக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில் முக்கால்வாசி மரங்கள் சாய்ந்துவிட்டன. பஸ் ஓடத் தொடங்கியதும், ஒரு வாரத்தில் வந்துவிடுவேன் என்று விடுதியில் சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன்.

அப்பா தோப்புப் பக்கமே போகவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். அவரைத் தனியாக விட அம்மாவுக்குப் பயம். மரம் அறுக்க ஆள் பிடிப்பது, நிவாரணத்துக்குத் தாலுகா ஆபீஸில் நிற்பது எல்லாம் என் வேலையாகின. யாரும் என்னைப் படிப்பை விடச் சொல்லவில்லை. வாரம் மாதமானது, செமஸ்டர் தேர்வு வந்து போனது, நான் போகவில்லை.

அதன் பிறகு எதிலும் நிலைக்க முடியவில்லை. பட்டுக்கோட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் சேர்ந்தேன், விட்டேன். துணிக்கடைக்குப் போனேன், அதையும் விட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும்போதுகூடக் கண் வாசலுக்கே போகும். கல்லூரித் தோழி போன் செய்தால், மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். கொரோனாவில் எல்லோரும் வீட்டில் முடங்கியபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஊரே நின்றிருந்தது, நான் மட்டுமல்ல.

திரும்பச் சேர முடியுமா என்று கேட்கப் பலமுறை தஞ்சாவூர் பஸ் ஏறினேன். பாதி வழியில் ஒரத்தநாடு வந்ததும் அதற்கு மேல் போக மனம் வராது. இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, ஊர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிடுவேன். காலேஜ் ஆபீஸ் மூடியிருந்தது என்று அம்மாவிடம் சொல்வேன்.

அப்பா மெல்ல எழுந்து நடமாடி, தோப்பில் புதுக் கன்று வைக்கத் தொடங்கியிருந்த நேரம். ஒருநாள் நான் தஞ்சாவூருக்குக் கிளம்பும்போது அவரும் சட்டையை மாட்டினார்.

"நானும் வரேன்."

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். ஒரத்தநாட்டில் என் கால் தானாக எழுந்தது.

"உக்காரு பாப்பா. நம்ம எடம் இன்னும் வரல."

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"கண்டக்டர் சொன்னாரு. இங்க எறங்கி எறங்கித் திரும்புதே உன் பொண்ணு, இந்த ஊர்ல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு." பிறகு, "உன் படிப்பு என்னால நின்னது. நான்தான் கொண்டுபோய் விடணும்" என்றார்.

"உங்களால இல்லப்பா" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்தாம் செமஸ்டரில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் முதல் நாளே என்னை "அக்கா" என்றார்கள். ஆய்வகத்துக்குள் நுழைந்தவருக்கு எல்லோரும் எழுந்தோம். நான் போனை எடுக்காமல் விட்ட அதே தோழி. எம்.எஸ்சி. முடித்து, கௌரவ விரிவுரையாளராக அங்கேயே வந்திருந்தாள். வகுப்பு முடியும்வரை என்னைப் பார்க்கவில்லை. பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"எத்தனை தடவை போன் பண்ணேன். ஏன் எடுக்கல?"

"என்ன சொல்றதுன்னு தெரியல மேடம்."

"மேடமா?"

"கிளாஸ்ல வேற எப்படிக் கூப்பிடுறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "கோவம் போகல. பிப்பெட்டை நேராப் பிடி" என்றாள்.

அந்த வருடம் முழுக்க அவள் என்னை விடவில்லை. வகுப்பைப் பாதியில் விட்டு எழுந்து வராந்தாவில் நடப்பேன். பின்னாலேயே ஒரு பெண்ணை அனுப்புவாள். பழைய பாடங்கள் மறந்து போயிருந்தன. ஒரு தாளில் தோற்று, திரும்ப எழுதித் தேறினேன்.

ரிசல்ட் வந்ததும் முதலில் அவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். அப்புறம் அப்பாவுக்குச் சொன்னேன். தோப்பில் ஓடிய மோட்டார் சத்தத்துக்கு நடுவே, "அப்படியா, சந்தோஷம்மா. அடுத்து என்ன செய்யப்போற?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம்வரை, பழையபடி, என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.