ஊசி மாமாவோடு நான் போட்ட சண்டை

செத்துப்போன என் அக்காவை ஒரு நாள் காலை, கடைக்கு வந்தவரின் போனில் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சியில் நானும் என் கணவரும் மருந்துக்கடை வைத்திருக்கிறோம். பார்மசி படித்தவள் நான். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஒருவர், நான் மாத்திரை எடுப்பதற்குள் போனில் ஒரு வீடியோவைச் சத்தமாக ஓடவிட்டார். ‘கொரோனா ஊசி போட்டதால் உயிரைவிட்ட அப்பாவிப் பெண்’ என்று ஒரு ஆண் குரல் அழாத குறையாகச் சொன்னது. பின்னாலேயே களமருதூர் என்று எங்கள் அக்கா ஊர்ப் பெயரும் வந்தது. எட்டிப் பார்த்தேன். அக்காவேதான். அவள் மகள் கல்யாணத்தில் அரக்குப் பட்டு கட்டி நின்ற படம். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

“இது எங்க அக்கா” என்றேன்.

“அப்படிங்களா மேடம்? அப்ப நிஜந்தானா?” என்று அவர் ஆவலாகக் கேட்டார். மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு அந்த வீடியோவைத் தேடி எடுத்து முழுக்கப் பார்த்தேன். கடைசியில் ஏதோ மூலிகைப் பொடி விளம்பரம். உடம்பில் ஏறிய ஊசி விஷத்தை முறிக்குமாம். கீழே போன் நம்பர்.

கூப்பிட்டேன். வீடியோ போட்ட ஆளே எடுத்தான். நான் யார் என்று சொன்னதும் குரலில் தேன் வடிந்தது. “உங்க மாமாதான் மேடம் போட்டோ குடுத்தாரு, பேட்டியும் குடுத்தாரு.”

“எங்கக்காவுக்குப் பல வருஷமா சுகர், பிரஷர். அதை ஏன் சொல்லல?”

“அதெல்லாம் போட்டா யாரு மேடம் பாப்பாங்க?” என்றான். கூச்சமே இல்லை. வெண்டைக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னான்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, களமருதூர் போக உளுந்தூர்ப்பேட்டை பஸ்ஸில் ஏறினேன்.

மாமாவை, அதாவது அக்கா புருஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். களமருதூரில் சொந்த நிலம், நெல் விவசாயம். முன்பெல்லாம் கட்சிக் கரை போட்ட வேட்டி தவிர வேறு கட்டமாட்டார். கொரோனா இரண்டாவது அலை முடிகிற நேரத்தில் அக்காவை என் வண்டியில் உட்காரவைத்து ஊசி முகாமுக்குக் கூட்டிப்போனவள் நான். அதற்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. அதிலிருந்து மாமா கட்சி வேட்டியைத் தொடவில்லை, ஓட்டுப் போடப் போகவில்லை. எந்த ஊசிக்கும் கை நீட்டுவதில்லை. உலகத்தில் நடக்கிற எல்லாமே ஒரு வெளிநாட்டுக் கோடீஸ்வரன் போடுகிற திட்டம் என்று குடும்ப குரூப்பில் விடிந்ததும் ஒரு வீடியோ அனுப்புவார். சொந்தக்காரர்கள் அவருக்கு ‘ஊசி மாமா’ என்று பெயர் வைத்தார்கள். அவர் ஏதாவது போட்டால் சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக அனுப்புவார்கள். பதில் சொன்னவர் யாரும் இல்லை.

மாமா மோட்டார் கொட்டகையில் இருந்தார். வீடியோவை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“எங்கக்கா மூஞ்சியை வச்சிப் பொடி விக்கறான் மாமா. இதுக்குத்தான் போட்டோ குடுத்தீங்களா?”

பொடி விளம்பரம் வரை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. கடைசிவரை பார்த்தார். முகம் கறுத்தது. ஆனால் சொன்னது வேறு.

“அவன் வயித்துப் பொழப்புக்கு விக்கறான். ஆனா வூடு தேடி வந்து, இன்னா நடந்துச்சின்னு அவன் கேட்டான். நீ கேட்டியா? வந்த, அழுத, எல்லார்கிட்டயும் சுகரு சுகருன்னு சொல்லிக்கினு போய்ட்ட.”

“கேக்கறேன். இப்ப சொல்லுங்க.”

சொன்னார். ஊசி போட்ட அன்று அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அப்புறம் சரியாகி எழுந்து நடமாடினாலும் அசதி அசதி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இருந்த டாக்டரிடம் மாமா, “ஊசி போட்டதுல இருந்து இப்படிங்க” என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நீ எந்த காலேஜ்ல டாக்டருக்குப் படிச்ச?” என்றானாம். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்களாம். பெண்டாட்டி பிணமாகக் கிடக்கிறாள், எதிரே சிரிக்கிறார்கள். ஊசி போட்டுக் கொஞ்ச நாளில் செத்தாள் என்பதையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். எழுதவில்லை. கட்சிக்காரர்களிடம் போனார். மாலையோடு வந்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். “இதையெல்லாம் வெளிய பேசிக்கினு இருக்காதீங்க, ஆட்சிக்குக் கெட்ட பேரு” என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து பேசச் சொன்னார்கள். காரியம் ஆனதும் போனை எடுக்கவில்லை.

கேட்கக் கேட்க எனக்கு மாமாவின் மேல் இருந்த கோபம் அப்படியே இருக்க, அந்த டாக்டர் மேல் இன்னொரு கோபம் ஏறியது. மாமா சொன்னதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எதனால் செத்தாள் என்று பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லாததால்தான் இந்த மனுஷன் பொடி விற்கிறவனிடம் போய் நின்றார்.

“மாமா, ஊசியால இல்லவே இல்லன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. யாரும் ஒழுங்காப் பாக்கல. ஆனா ஊசியாலதான்னு உங்களாலயும் சத்தியம் பண்ண முடியாது. மாசாமாசம் மாத்திரை குடுத்தவ நான். பாதி நாள் போடமாட்டா. எனக்குத் தோணுறது, அவ நெஞ்சு முன்னாடியே கெட்டுப்போய் இருந்துச்சின்னுதான்.”

“அப்ப ஊசியே கெடுதல் இல்லன்ற?”

“எங்கயோ ஒருத்தருக்கு ஆவலாம். ஆவாதுன்னு சொன்னவன் பொய் சொன்னான். ஆனா அந்த வருஷம் ஆக்சிஜன் கிடைக்குமான்னு என் கடை வாசல்ல நின்னு அழுதவங்களை நான் பாத்தேன். அந்த நோய் கொன்னுது ஜாஸ்தி. திரும்ப அந்த நாள் வந்தாலும் அக்காவை நான் கூட்டிக்கினுதான் போவேன்.”

மாமா மண்வெட்டியை வீசி எறிந்தார். என்மேல் இல்லை, வரப்பின்மேல். “எங்கிட்டயே வந்து சொல்றியா? எம்மாந் தைரியம் உனக்கு?”

நான் நகரவில்லை. அவரும் விடவில்லை. ஊரடங்கில் அவர் போட்ட தர்பூசணி வயலிலேயே அழுகியது. அதே வருஷம் அந்தக் கோடீஸ்வரன் சொத்து கூடிவிட்டது என்று டிவியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். “என் பழம் அழுவுது, அவன் பெட்டி ரொம்புது. இது திட்டமில்லையா?”

“திட்டமோ இல்லையோ, அநியாயம் மாமா. எனக்கும் வயிறு எரியுது. மருந்துக் கம்பெனிக்காரன் எப்படிச் சம்பாதிக்கிறான்னு கடையில உக்காந்து தினம் பாக்கறேன். ஆனா உங்க யூரியாவுலகூடத்தான் எவனோ லாபம் பாக்கறான். அதுக்காக யூரியா போட்டா நெல்லு வளராதுன்னு சொல்வீங்களா?”

மாமா மண்வெட்டியை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். “டீ குடிக்கிறியா?” என்றார், அதட்டலாகவே. குடித்தேன். வீடியோவை எடுக்கச் சொல்லி என் எதிரிலேயே அந்த ஆளுக்குப் போன் போட்டார். அவன் ஆகட்டும் என்றான், இன்றுவரை எடுக்கவில்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. அக்கா மகள் வெள்ளிமலையில் இருக்கிறாள். அவள் கணவர் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். பிரசவத்துக்கு அவள் களமருதூருக்கு, மாமா வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போட்டதைத் தவிர வேறு எந்தத் தடுப்பூசியும் போடவிடாமல் மாமா காவல் காத்தார். மலைக்குத் திரும்பிய பிறகும் அவள் போடவில்லை. வாத்தியார் எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். அம்மாவைப் பறிகொடுத்த பயம் அவளுக்குள்ளும் இருந்தது. குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

“சின்னம்மா, கரியாலூர் பக்கம் மணல்வாரி அம்மை பரவுதாம். ஒரு புள்ளைக்கு மூச்சு வாங்கி ஜீப்புல கீழ எடுத்துக்கினு போனாங்க. நர்சு தினம் வந்து ஊசி ஊசின்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, நீ வா.”

மாமாவுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அப்படித்தான் எல்லாரும் அவரை நடத்தினார்கள். நான் போன் போட்டுச் சொன்னேன். “எம் பேத்தி. நானும் வரேன்” என்றார். கள்ளக்குறிச்சியில் என்னோடு பஸ் ஏறினார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற வரை இரண்டு பேரும் பேசவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஆரம்பித்தார். மேலே போய்ச் சேருகிறவரை அந்த பஸ்ஸில் எல்லாருக்கும் எங்கள் சண்டைதான் பொழுதுபோக்கு. கண்டக்டர் நடுவில் வந்து, “ஓட்டே போடாத ஆளு ஆட்சியப் பத்திப் பேசக்கூடாதுங்க” என்று மாமாவிடம் சொன்னார். “போட்டவன் மட்டும் கேட்டுக் கிழிச்சிட்டானா?” என்றார் மாமா.

வீட்டுக்குள் நுழைந்தும் கத்திக்கொண்டிருந்தோம். அக்கா மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு, “நிறுத்துங்க ரெண்டு பேரும்” என்றாள். “செத்தது எங்கம்மா. இது எம் புள்ள. இத்தினி நாளா எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லைதான்.

“சின்னம்மா, ஒண்ணும் ஆவாதுன்னு மட்டும் சொல்லாத. போட்டா இன்னா ஆவும், அதைச் சொல்லு.”

சொன்னேன். போட்ட இடம் வலிக்கும், அழும். அம்மை ஊசிக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வரலாம், உடம்பில் லேசாகத் தடிப்புகூட வரலாம். இரண்டு மூன்று நாளில் போகும். ரொம்ப அபூர்வமாக ஒரு குழந்தைக்கு உடனே ஒவ்வாமை வரும், அதனால்தான் போட்டதும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்காரவைப்பார்கள், அதற்கு மருந்து கையில் வைத்திருப்பார்கள். அம்மை வந்தால் அதைவிடப் பல மடங்கு ஆபத்து.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். “போடலனா இன்னா ஆவும்பா? நீ சொல்லு.”

மாமா வாயைத் திறந்தார். வேப்பிலை என்று ஆரம்பித்தார். ஜீப்பில் போன குழந்தையைப் பற்றி அவளே அவரிடம் சொன்னாள். அவர் நிறுத்திவிட்டார்.

மறுநாள் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். நானும் வாத்தியாரும் கூடப் போனோம். மாமா வரவில்லை. நாங்கள் திரும்பி வருவதற்குள், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போயிருந்தார். அந்த மனுஷனுக்காக அலைந்து, பேசி, தொண்டை கட்டி நின்றவள் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப்பாருங்கள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் போன் வந்தது. மாமா வெள்ளிமலையிலிருந்து பேசினார். தகவல் தெரிந்ததும் மறுபடி மலை ஏறியிருக்கிறார்.

“காய்ச்ச வந்துடுச்சி!” என்று கத்தினார்.

“வரும்னு சொன்னேனே மாமா.”

பின்னால் குழந்தை சிணுங்குவது கேட்டது. “இன்னும் எத்தினி நாளு இருக்கும்னு சொன்ன?”

“ரெண்டு மூணு நாள். பால் குடிக்குதா? வலிப்பு, மூச்சு வாங்குறது ஏதும் இல்லையே?”

“இல்ல. குடிக்குது. நாந்தான் ஈரத்துணி போட்டுக்கினு இருக்கேன். நீ சொன்னபடி நிக்கலனா உன் கடையை வந்து ஒடைப்பேன்.”

நின்றது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. விட்டுப்போன மற்ற ஊசிகளையும் அக்கா மகள் வரிசையாகப் போட்டுவிட்டாள். மாமா அதைத் தடுக்கவில்லை. தனக்கு மட்டும் இன்னும் எதுவும் போட்டுக்கொள்ளமாட்டேன் என்கிறார். கோடீஸ்வரன் வீடியோவும் நிற்கவில்லை. என்ன, இப்போது குரூப்பில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்பி, ‘இதுக்கு என்ன சொல்ற?’ என்று கேட்கிறார். சிலவற்றுக்குப் பொய் என்று காரணத்தோடு எழுதுவேன். சிலவற்றுக்கு, தெரியாது, விசாரிக்கிறேன் என்பேன். இரண்டொரு முறை அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

குழந்தைக்குக் காது குத்தினார்கள். சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பந்தியில் மாமாவுக்கு எதிர் வரிசையில் எங்கள் பெரியப்பா மகன், சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறவன், உரக்கக் கேட்டான்: “இன்னா மாமா, காது குத்துற ஊசியிலயும் அந்தக் கோடீஸ்வரன் சிப்பு வச்சிருக்கானா பாத்தீங்களா?”

பந்தி முழுக்கச் சிரித்தது. மாமா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன். “அவர் பொண்டாட்டி செத்தப்ப நீ எங்கடா இருந்த?” என்று கேட்டேன்.

“அக்கா, சும்மா தமாசுக்கு. ஏன், நீயும் ஊசி வேணாம் கட்சிக்கு மாறிட்டியா?”

“மாறல. நீ சொல்றது தப்பு மாமான்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னவ நான். கத்துவாரு, திட்டுவாரு, தாங்கிக்கினு திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ இத்தினி வருஷத்துல அவருக்கு இன்னாடா பதில் சொன்ன? சிரிப்புப் பொம்மை அனுப்பின. படிச்சவன்தானே, இப்ப சொல்லு. அந்த ஊசி எப்படி வேலை செய்யுது? அவருக்குப் புரியறாப்ல சொல்லு, எல்லாரும் கேக்கறோம்.”

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊசி நல்லது என்று அவனும் எங்கேயோ பார்த்த வீடியோவை நம்பித்தான் போட்டுக்கொண்டிருக்கிறான். “இதுக்குத்தான் இந்தக் குடும்பத்து விசேஷத்துக்கே நான் வர்றதில்ல” என்று பாதி இலையில் எழுந்து போனான். பெரியம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். இன்றுவரை அவர்கள் வீட்டிலிருந்து எனக்குப் போன் கிடையாது. நானும் போடவில்லை.

கை கழுவுகிற இடத்தில் மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

“எனக்காக நீ ஒண்ணும் சண்டை போடத் தேவையில்ல” என்றார். “நீ சொல்றது பாதி தப்பு.”

“எந்தப் பாதின்னு சொல்லுங்க” என்றேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொல்ல ஆரம்பித்தார்.