செவிலிமேட்டில் கிடைத்த ஓசி டிரம்

போன வருஷம் ஆடி மாசம், செவிலிமேடு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், விஷம் இருந்த ஒரு டிரம்மைத் தனி ஆளாகப் பிடித்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தவன் நான்தான். டீக்கடையில் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அது பொய். பிடித்தது மட்டும் நிஜம். விஷம் என்று தெரிந்து பிடிக்கவில்லை, ஓசியில் கிடைக்கிறதே என்று பிடித்தேன். இதை எழுதுவதும் நானில்லை. என் பெயரை எழுதவே எனக்கு அரை நாள் ஆகும். மதியச் சோறு கொண்டுவந்த மனைவியை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்கிறேன். நடுநடுவே முறைக்கிறாள்.

எனக்குப் பட்டுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை. பட்டு நூலை வந்தபடியே சாயத்தில் முக்க முடியாது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து, முதலில் அதில் ஒட்டியிருக்கும் பசையை எடுக்க வேண்டும். சோடாவில் காரம் குறைந்தால் பசை போகாது, கூடினால் நூல் இற்றுப்போகும். அதனால் புது மூட்டை பிரித்தால் துளி எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவோம். படித்தவர்கள் சிரிப்பார்கள். எங்கள் பட்டறையில் அதுதான் மீட்டர்.

அன்று காலை மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன். ரோட்டோரப் புதரில் ஒரு சின்ன டிரம் கிடந்தது, கொஞ்சமும் நசுங்காமல். மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளை வெளேரென்று தூள். டிரம்மும் ஓசி, சோடாவும் ஓசி. வெளியே மண்டை ஓடு படம் ஒட்டியிருந்தது. கம்பெனி முதலாளி கொஞ்சம் ஒல்லியான ஆள் போல என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே கைவிட்டு, விரலில் ஒற்றி, வாய்க்குக் கொண்டு போனேன்.

"அண்ணா, வாயில வெக்காதீங்க."

பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண் ஓடி வந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"சோடாம்மா இது. நாங்க டெய்லி நாக்குல வெக்கிறதுதான்."

"சோடாவுக்கு எதுக்குண்ணா மண்டை ஓடு?"

விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. "எனக்கும் இது இன்னான்னு தெரியாது. இருங்க பாக்கறேன்" என்று, ஒட்டியிருந்த தாளில் படத்தோடு இருந்த எண்ணைப் போனில் தட்டித் தேடினார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, "கைய நீட்டுங்க" என்று முழுவதையும் என் விரலில் ஊற்றினார். பிறகுதான் சொன்னார், "சயனைடுண்ணா."

எனக்கு ஏ பி சி டி தெரியாது. அந்த வார்த்தை தெரியும். ஈர விரலை உடம்பில் படாமல் தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டேன். வாய் மட்டும் அடங்கவில்லை.

"போன்ல போட்டா நெசமாயிடுமாம்மா?"

அவர் கோபப்படவில்லை. காற்று எங்கள் பக்கம் வீசுகிறது என்று என்னை அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு வரியாக எனக்குப் புரிகிற தமிழில் சொன்னார். மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும், ஆடு மாடு அண்டக் கூடாது, ஆசிட் பட்டால் விஷக் காற்று வரும். அதைக் கேட்டதும் எனக்குக் கிண்டல் வரவில்லை. சாயத்தில் நாங்கள் தினமும் ஆசிட் விடுகிறோம். பட்டறையில் கூட வேலை செய்கிறவர்களும், பக்கத்துச் சந்தில் நூல் சுற்றும் பெண்களும் கண் முன்னால் வந்தார்கள்.

"இதெல்லாம் கவர்ன்மென்ட் ரகசியமாச்சேம்மா. உனக்கு மட்டும் எப்டி காட்டுது?"

"இன்னா ரகசியம்ணா? எந்த விஷம் இன்னா பண்ணும், கழிவ எங்க கொண்டுபோயி போடணும், எல்லாம் தொறந்துதான் வெச்சிருக்காங்க. அந்த எடம் எங்க இருக்குதுன்னு மேப்பே இருக்குது. நமக்காகத்தான்."

நமக்காக என்றார். அரசாங்கக் காகிதம் என்றால் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வருகிறவன் நான். எங்கேயோ யாரோ உட்கார்ந்து நாட்டில் உள்ள விஷத்துக்கெல்லாம் விவரம் எழுதி, நக்கிப் பார்க்கிற என்னையும் நினைத்து வெளியே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. அதைத் தேடிப் படித்துச் சொன்ன இந்தப் பெண்ணுக்கு இன்னும் பெரிய கும்பிடு.

அவர் அவசர நம்பருக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. ஒரு தடவை அதைப் பார்த்தார், கையால் போகச் சொன்னார்.

"வேலைக்கு லேட்டாவுதேம்மா. நீ போ, நான் நிக்கறேன்."

"தனியா வுட்டா திரும்ப நாக்க நீட்டுவீங்க."

டிரம்முக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். யாரையும் கிட்டே விடவில்லை. வண்டியில் வந்த ஒருத்தர் நிறுத்தி, "இன்னாபா, புதையலா?" என்றார்.

"ஆமாபா. ஒரு சிட்டிகை போட்டா டைரக்டா வைகுண்டம்."

அப்போதுதான் அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்த கையோடு அவசர நம்பருக்கு மறுபடியும் போட்டு, "இன்னும் எவ்ளோ நேரம் சார்?" என்றார். இவ்வளவு நேரமும் அவருக்கும் பயம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முகமூடி, கையுறையோடு ஆட்கள் வந்து டிரம்மை மூடி எடுத்துப் போனார்கள். என்னையும் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அங்கே டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா...

"யோவ், கதைய அப்பறம் வெச்சுக்கோ. தண்ணி கொதிச்சிக்கினு இருக்குது, நூல யாரு முக்குறது?" முதலாளி கூப்பிடுகிறார். நான் போகிறேன்.

ஒன்று மட்டும் எழுதிக்கொள் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்: முன்பின் தெரியாத ஒருத்தர் தானும் பயந்துகொண்டே எனக்காக நின்ற அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம், என் வண்டி தானாக மெதுவாகிவிடுகிறது.