இடது குமிழில் மாதா பாட்டு

1. புன்னைக்காயல் கோயிலின் ஆர்மோனியப் பெட்டி, காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வேனில் ஏறி தூத்துக்குடியில் உள்ள என் ரிப்பேர் கடைக்கு வந்தது.
2. திறந்து பார்த்தேன். உப்புக்காற்றில், ஒலி எழுப்பும் பித்தளைத் தகடுகளான ரீடுகள் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒரு கட்டை மட்டும் மற்றவற்றைவிடச் சுருதி நன்றாகவே இறங்கி ஒலித்தது.
3. சுரண்டித் துடைத்து, போனில் சுருதி பார்க்கும் ஆப்பை வைத்து, எல்லாவற்றையும் சரிசெய்தேன்.
4. திருவிழாவுக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒத்திகையில் முதல் பாட்டே பாதியில் நின்றது.

அது மாதா பாட்டு. அதன் முதல் அடிகளை வலை கட்டும் அக்கா ஒருவர்தான் தனியாகப் பாடுவார். அது வருடாவருடம் அவருடைய இடம்.

"ஏளா, பெட்டிய என்ன பண்ணுன?" என்றார் என்னிடம்.

"சரி பண்ணினேன், அக்கா."

"இதுவா சரி? நான் ஏறுத இடத்துல அது எனக்கு முன்னாடியே ஏறி நிக்கி."

போனைக் காட்டினேன். சுருதி சரி என்று பச்சை விளக்கு எரிந்தது.

பின்னாலிருந்து ஒருத்தி, "அப்போ நாளைக்கு அந்த போனையே பாடச் சொல்லு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"நான் பாடல. பாட்ட பென் டிரைவ்ல போட்டுக்கிடுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்குப் புரிந்தது. இறங்கி ஒலித்த அந்தக் கட்டையின் ரீடு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. அக்காவின் குரலும் கூடவே இறங்கிப் பழகிவிட்டது. ஆனால் அதை அப்படியே பழையபடி ஆக்கவும் முடியாது. மற்றப் பாட்டுகளுக்குப் பையன்கள் கீபோர்டையும் சேர்த்து வாசிக்கிறார்கள். கீபோர்டு யாருக்காகவும் இறங்காது.

எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஆயுசுக்கும் இதுதான் வேலை என்று கடை போட்டவள் நான். பெட்டியை மறுபடி திறந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது: உள்ளே ரீடுகள் இரண்டு வரிசை. இடது குமிழை இழுத்தால் பின்வரிசைக்குக் காற்று, வலது குமிழை இழுத்தால் முன்வரிசைக்கு.

"பெட்டி இல்லாம அந்த அடிய மட்டும் பாடுங்க, அக்கா."

வேண்டாவெறுப்பாகப் பாடினார். திரும்பவும் பாடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் போனில் முள் ஒரே இடத்தில், கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, அசையாமல் நின்றது. நான் திருத்திய ரீடுகூட அவ்வளவு நிலையாக நிற்கவில்லை.

பின்வரிசையில் அந்த ஒரு ரீடின் முனையில் ஈயத்தால் சின்னப் பொட்டு வைத்தேன். முனை கனத்தால் சுருதி இறங்கும். அக்காவின் குரலுக்கு வரும்வரை ஈயத்தைத் தேய்த்தேன். பெட்டி வாசிக்கும் அண்ணன் இடது குமிழை மட்டும் இழுத்தார். அக்கா பாடினார், பாட்டு முடியும்வரை.

"இப்பதான் பெட்டி ரிப்பேர் ஆயிருக்கு" என்றார்.

திருவிழாவில் அவரே பாடினார். பென் டிரைவை யாரும் தேடவில்லை.

இப்போதைய நிலை இது: முன்வரிசை சுருதி சுத்தம். பின்வரிசையில் ஒரு ரீடு வேண்டுமென்றே தப்பு. இடது குமிழில் சிவப்பு நகப்பூச்சால் அடையாளம் வைத்திருக்கிறேன். மாதா பாட்டுக்கு அது மட்டும்.