போலந்துக் கொடிக்கு ஒரு பாவாடை

எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் நானும் அண்ணையும் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவுக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஊரின் ஹைமில் இருந்தோம். ஹைம் என்று சொல்லி, பழைய தங்குவிடுதி ஒன்றை அகதிகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். வேலை செய்யவும் அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. சமையல் முடிந்தால் பொதுக்கூடத்துத் தொலைக்காட்சிதான் கதி.

எதிர் அறையில் ஒரு போலந்துக்காரர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மனைவியை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர். எங்களளவுதான் அவருக்கும் ஜெர்மன் தெரியும் என்பதால், அவர் பேசுவது மட்டும் எங்களுக்கு நன்றாக விளங்கும்.

பிரான்சைச் சுற்றி வாரக்கணக்கில் ஓடும் சைக்கிள் பந்தயம் அந்த வருடம் மேற்கு பெர்லினில் தொடங்கியது. இவர்தான் எங்களுக்கு அதை விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு நாளும் ஓடிய நேரத்தைக் கூட்டிப் பார்த்து, யார் முன்னுக்கு நிற்கிறாரோ அவருக்கு மஞ்சள் சட்டை. யாழ்ப்பாணத்தில் மழையிலும் சைக்கிளில் திரிந்த அண்ணைக்கு, இவர்களுக்குப் பின்னால் ஏன் இத்தனை கார் போகிறது என்பதுதான் கடைசிவரை விளங்கவில்லை.

பெர்லினில் ஓடி முடியுமுன்பே மஞ்சள் சட்டை ஒரு போலந்துக்காரனுக்குப் போய்விட்டது. எதிர் அறைக்காரர் கதிரையிலிருந்து எழும்பி நின்றார். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், திரும்பவும் கழற்றினார். பெர்லினுக்குப் பிறகு பந்தயம் எங்கள் பக்கம்தான் வருகிறது என்று வானொலியில் கேட்டபோது, போய்ப் பார்த்தே தீருவேன் என்றார்.

அன்று மாலை ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்போடு எங்கள் கதவைத் தட்டினார். மேலே வெள்ளை, கீழே சிவப்பு, அதுதான் தங்கள் கொடி என்று கையால் காட்டினார். சிவப்புத் துணி ஏதும் இருக்குமா என்று கேட்டார். என் பெட்டியில் சிவப்பென்று இருந்தது சேலைக்குள் கட்டும் பாவாடை ஒன்றுதான்.

“உனக்கென்ன விசரோ? பாவாடையைக் கொண்டுபோய் றோட்டில பிடிக்கப் போறியோ?” என்றார் அண்ணை.

“பிரிச்சு விரிச்சால் அதுவும் துணிதானே அண்ணை.”

“சனம் பாத்தால் என்ன சொல்லும்?”

“இஞ்ச எங்களை ஆருக்குத் தெரியும்?”

நான் பக்கத் தையலைப் பிரித்து, விரிப்போடு கையால் தைத்தேன். அடியில் இருந்த லேஸைக் கழற்ற மறந்துபோனேன்.

பந்தயம் வரும் தெரு பக்கத்து மாவட்டத்தில் இருந்தது. பந்தய நாளன்று கோதுமை வயல்களுக்கு நடுவே நடந்தோம். மாவட்ட எல்லைப் பலகையைக் கடக்கும்போது மூவரும் நடையை எட்டிப் போட்டோம். தெருவோரத்தில் ஊர்ச்சனம் கதிரை மேசையோடு வந்து இருந்தது. ஒரு பொலிஸ்காரர் நேராக எங்களை நோக்கி வந்தார். பத்திரம் கேட்கப் போகிறார் என்று நான் கொடிக்குப் பின்னால் ஒதுங்கினேன். தெருவோரக் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த வயதான பெண் லேஸைத் தொட்டுப் பார்த்து, அழகாக இருக்கிறதென்று சொல்லி எங்களுக்குக் கேக் தந்தாள். அண்ணை கேக்கை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

முதலில் சில வீரர்கள் தனியாகப் பறந்து போனார்கள். அதில் மஞ்சள் இல்லை. போலந்துக்காரரின் முகம் மாறியது. முன்னே போனவர்கள் அதிக நேர வித்தியாசத்தில் முந்திவிட்டால் சட்டை கைமாறிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் காத்திருந்தோம். காற்று கொடியை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது.

“இஞ்ச விடு, உனக்கு உயரம் காணாது,” என்று சொல்லி அண்ணை என்னிடமிருந்து முனையை வாங்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

பெருங்கூட்டம் வந்தது. நூற்றுக்கணக்கான சைக்கிள் சில்லுகளின் இரைச்சல், முகத்தில் அடித்த காற்று, நடுவில் ஒரு மஞ்சள். போலந்துக்காரர் தன் மொழியில் ஒரே ஒரு சொல்லைக் கூவினார். மஞ்சள் சட்டைக்காரன் திரும்பிப் பார்த்தானா இல்லையா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அண்ணை பார்த்தான் என்கிறார். நான் கண்டது முதுகு மட்டுந்தான்.

அன்று பின்னேரச் செய்தியில் சட்டை வேறொருவன் உடம்பில் இருந்தது. போலந்துக்காரர் தோளைக் குலுக்கினார். நாங்கள் கண்டபோது அது அவனிடம்தான் இருந்தது என்றார். அடுத்த நாள் பாவாடையைப் பிரித்து, தோய்த்து, மடித்துக் கொண்டுவந்து தந்தார்.

பந்தயம் பிரான்சுக்குள் போன நாளில் ஹைமில் இருந்த அத்தனை பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடிவிட்டோம். வீரர்கள் எல்லோரும் எல்லையைக் கடந்து ஸ்ட்ராஸ்பூர்க் பக்கம் போனார்கள்.

“அவங்களை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை, பாத்தியே,” என்றார் அண்ணை.

அதை நான் அரைகுறை ஜெர்மனில் போலந்துக்காரருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு அண்ணை, பிறகு கூடம் முழுவதும். குசினியில் யாரோ வைத்த பருப்பு அடிப்பிடித்து மணக்கும்வரை ஒருவரும் எழும்பவில்லை.