மாடிவீட்டுத் திருப்புமுனை

சட்டைக் கையாலேயே வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே டஸ்டர் இருக்கிறது. அது மட்டும் அவர் கண்ணில் படாது. வலது கை முழங்கைவரை நீலம், இடது கை சிவப்பு. துடைத்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் சின்னதாக இன்னொரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்து, பின்னால் நகர்ந்து பார்ப்பார். "அங்கதான் விஷயமே இருக்கு" என்பார். அங்கே என்ன விஷயம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போச்சு.

எங்கள் மாடிவீட்டுக்காரர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தெருவில் யாருக்கும் அது ஞாபகமில்லை. "இதுதான் நம்ம இணையதளத்துக்குத் திருப்புமுனை" என்று மாதம் ஒருமுறையாவது அறிவிப்பதால் திருப்புமுனை என்றே ஆகிவிட்டார். கூரியர்காரர் கீழே நின்று அப்படித்தான் கூப்பிடுகிறார். அவரும் இறங்கி வந்து கையெழுத்துப் போடுகிறார்.

தொழில், ஆலோசனை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் அவருடைய இணையதளத்துக்கு வந்து, வேண்டிய நிபுணரைப் பிடித்து, அரைமணி நேரம் போனில் பேசலாம். வக்கீல் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார், விளம்பரம் எழுதுகிறவர், கிடங்கு நடத்தியவர், லாரி விட்டவர் எல்லாரும் உண்டு. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் காலம் தள்ளிய நான் அதில் பேக்கிங் நிபுணர். என் படத்தை அவரே எடுத்தார். மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றார். நிபுணர் என்றால் அப்படித்தானாம். நிபுணர்களுக்குக் குறைச்சலே இல்லை. எப்போதாவது ஒரு அழைப்பு வரும். மற்ற நேரமெல்லாம் ஈ ஓட்டினோம்.

அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறார். குடும்பம் ஓடுவது அவரால்தான். கணவரின் எல்லாத் திருப்பங்களையும் பொறுத்துக்கொள்வார், சட்டையைத் தவிர. "இந்தக் கறை போறதுக்கு உங்க தளத்துல யாராவது நிபுணர் இருக்காரா?" என்று ஒருநாள் கேட்டார். இவர் நிஜமாகவே உட்கார்ந்து தேடினார்.

தளத்தை உருவாக்கியதும் ஓட்டுவதும் மனைவியின் தங்கை. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலைதான் அவள் ஆபீஸ். காதில் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பாள். அதன் வயர் எதிலும் செருகியிருக்காது. மாமாவின் பேச்சிலிருந்து தப்பிக்க அவள் கண்டுபிடித்த வழி அது. போன மாதம் அவளுக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தது. எல்லாருக்கும் எல்லாம் என்று இருந்தால் தளம் தேறாது, யாருக்காக நடத்துகிறோம் என்று முடிவு பண்ணுங்கள், இல்லாவிட்டால் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் போனால் தளத்தை மூட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு முன்பே அவர் தளத்தைக் குறுக்குவதுபற்றி ஆலோசனை கேட்டுக்கொண்டுதான் இருந்தார், தன்னுடைய நிபுணர்களிடமே. முதலாளி என்று தெரிந்தால் ஐஸ் வைப்பார்களாம்; அதனால் வேறு பெயரில், குரலை மாற்றிக்கொண்டு. எனக்கும் ஒருமுறை வந்தது. "வணக்கம் சார், நான் புதுசா ஒரு ஆலோசனைத் தளம் தொடங்கியிருக்கேன்" என்ற வாக்கியம் முதலில் கூரை வழியாகவும் பிறகு போன் வழியாகவும் காதில் விழுந்தது. கைக்குட்டையைப் போட்டுப் பேசினார் போலிருக்கிறது, சளி பிடித்த மாதிரி இருந்தது. ஒரே அளவுப் பெட்டி போட்டால் தொழிலில் தலைவலி குறையும் என்று தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே குறுக்கிட்டு, மீதி நேரம் முழுக்க அவரேதான் பேசினார். மற்றவர்களுக்கும் இதே கதி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மச்சினியிடம் கெடு வாங்கியதும், இதுவரை எந்தத் தொழில்காரர்கள் அதிகம் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எண்ணச் சொன்னார். அவள் எண்ணினாள். பேக்கரிக்காரர் ஒருவர், பொம்மைக்கடை ஒன்று. மற்றபடி வரிசையாக ஆலோசனைத் தளம் தொடங்குகிறவர்கள். அவர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். "பாத்தியா, சந்தையே வாயத் திறந்து சொல்லுது!" அன்று சாயங்காலமே முகப்பில் 'ஆலோசனைத் தளம் தொடங்குவோருக்கு மட்டும்' என்று போட்டாயிற்று. நிபுணர்களில் பாதிப்பேரை நீக்கினார். கீழே இறங்கி வந்து என் தோளில் கை வைத்து, "உங்களத் தூக்கினதுல எனக்கு வருத்தம்தான். வளர்ச்சின்னா இப்படித்தான் வலிக்கும்" என்றார். வலித்தது எனக்கு, வளர்ச்சி அவருக்கு. நான் என்ன சொல்ல?

அதன் பிறகு ஒரு அழைப்புகூட வரவில்லை. தளத்தின் போனைக் கழற்றி மாட்டினார். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார், ஏணி போட்டுப் பரண்மேல் வைத்துப் பார்த்தார். சொந்தமாக ஏணி வாங்குகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை, என் ஏணிதான். அதைத் திரும்ப எடுத்துவர மாடிக்குப் போனபோது மச்சினி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்ததைப் பார்த்தேன். ஏதோ நடக்கப்போகிறது என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

"அந்த ஆலோசனைத் தளக்காரங்க எல்லாரும் நம்ம வீட்டு வைஃபைல இருந்துதான் கூப்பிட்டிருக்காங்க மாமா."

"நம்ம வீட்டுலேந்தா? யாரு?"

"நீங்க."

வேறு வேறு பெயரில், வேறு வேறு குரலில் கேட்டுக் கேட்டு, அதெல்லாம் வேறு ஆட்கள் என்றே மனசுக்குள் ஆகியிருந்தது அவருக்கு. வழி தெரிந்துவிட்டதென்று அவர் கேட்பதை நிறுத்தினார், சந்தையும் நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. பாவமாக இருந்தது.

"அத்தனையுமா?" என்றார்.

"ஒண்ணு மட்டும் அக்கா."

என் வீட்டுக்காரர் ஆலோசனைத் தளம் நடத்துகிறார், நிறுத்த வைக்க வழி உண்டா என்று மனைவி வக்கீலைக் கேட்டிருக்கிறார். அடுப்படி வாசலில் நின்ற அந்த அம்மா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "பொறுமையா இருங்கன்னார். அதச் சொல்ல அரைமணி நேரம்."

மச்சினி சிரிக்கவில்லை. "அக்காவுக்கு என்ன கேக்கணும்னு தெரிஞ்சுது, ஒரே தடவைல முடிச்சிட்டா. நீங்க என்ன கேக்கறதுன்னே தெரியாம எத்தன தடவ கூப்பிட்டிருக்கீங்க. உங்கள மாதிரி வெளியில நிறையப் பேர் இருப்பாங்க மாமா. அவங்களுக்குன்னு நடத்துவோம். முதல்ல ஒருத்தர் முழுசாக் கேட்டுக்கணும். அப்புறம் எந்த நிபுணர்னு பாத்து அனுப்பலாம்."

"யார் கேட்டுக்கறது?"

"நீங்கதான்."

அடுப்படிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது.

முகப்பை மாற்றினாள். 'தொழில் தொடங்கப் போகிறீர்களா? என்ன கேட்பது என்றே தெரியவில்லையா? கூப்பிடுங்கள்.' இந்த வீட்டைச் சேராத ஒரே ஒரு ஆள் மாதக் கடைசிக்குள் கூப்பிட்டால் இருக்கிறேன், இல்லாவிட்டால் அந்த வேலைக்குச் சரி சொல்லிவிடுவேன் என்றாள். அவர் வீட்டிலிருந்த எல்லாருடைய போன்களையும் வாங்கித் தன் கண் முன்னால் அடுக்கி வைத்துக்கொண்டார். தன்னையே நம்பவில்லை மனுஷன்.

கடைசி நாள் காலை. நீக்கப்பட்ட நிபுணன் என்ற முறையில் நலம் விசாரிக்கப் போயிருந்தேன். மச்சினி தோளில் பையை மாட்டிக்கொண்டு செருப்பில் ஒரு காலை நுழைத்தபோது தளத்தின் போன் அடித்தது. அவர் பாய்ந்து ஸ்பீக்கரைத் தட்டினார். ஒரு பெண் குரல், இந்த வீட்டு ஆள் இல்லை.

"எல்லார் வீட்டுலயும் சாக்ஸ் ஒத்தையாத்தான் சார் தொலையுது. நான் ஒத்தை சாக்ஸ் மட்டும் விக்கலாம்னு இருக்கேன். மத்தபடி என்ன கேக்கறதுன்னே தெரியல."

அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. நிறம், அளவு, தபாலில் அனுப்புவது, வலது கால் இடது கால், அத்தனையும் உதட்டில் வந்து முட்டி நிற்பது எனக்கே தெரிந்தது. வாய் திறந்தது. மச்சினி பையைக் கழற்றாமல் அப்படியே நின்று அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, சொல்லுங்க சொல்லுங்க என்று போனைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.