மறுப்பு எழுதாத கட்டுரை

எதிர்வீட்டுக்காரர் போன வாரம் பணி ஓய்வு பெற்றார். விழாவில் வந்த பூங்கொத்துகளை வைக்க இடமில்லாமல் ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனார். பழக்கதோஷம், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். ஒரு வாசமும் இல்லை. பசுமைக்குடிலில் வளர்க்கும் ரோஜா அப்படித்தான் இருக்கும். ஆனால் எனக்கென்னவோ ஈரத்துணி வாசமும் தேங்காய் எண்ணெய் வாசமும் வந்தன. ஓசூரில் நான் இருந்த ஹாஸ்டல் அறையின் வாசம் அது. ரோஜாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா, சொல்கிறேன்.

அப்போது ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எனக்கு வேலை. அது போதாதென்று தொலைநிலைக் கல்வியில் தத்துவம் வேறு சேர்ந்திருந்தேன். ஞானத் தேடல் அது இது என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு இல்லாத பாடமாகப் பார்த்துச் சேர்ந்த ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் வகுப்பு. ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள்: ஒருவர் தனக்காக வாழ வேண்டுமா, தன்னை வளர்த்தவர்களுக்காகவா? ஒரு பக்கம் நின்று, படிக்கிறவரையும் அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். அதற்கு ஒரு முறை சொன்னார் சார். எதிராளி சொல்லக்கூடியதை அவனைவிட நன்றாக நாமே எழுதிவிட்டு, பிறகு அதை மறுக்க வேண்டுமாம். வகுப்பில் நன்றாகத் தலையாட்டினேன். திரும்பும்போது பஸ்ஸிலேயே குழம்பிவிட்டது. எதிராளிக்கு நான் எதுக்கு வக்காலத்து வாங்கணும்?

அறையில் என்னோடு இருந்தவள் மஞ்சுளா. உத்தனப்பள்ளிக்காரி, வீட்டில் தெலுங்கு. அவளைக் கம்பெனி பெங்களூரில் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. முடித்து வந்தால் லைன் லீடர். அதே வாரம் அவள் அண்ணன், “ரோஜாக் குடில் போட்டிருக்கேன், அப்பாவுக்கும் முடியல, வேலைய விட்டுட்டு வந்துடு” என்று போன் பண்ணியிருந்தார். சனிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். என் கட்டுரைத் தலைப்பைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, நீ எழுதி முடி. அது எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் நான் போயிடறேன்.”

“அடிப்பாவி, இது மார்க்குக்கு எழுதறதுடி.”

“இருக்கட்டும். நீ யோசிச்சுதானே எழுதுவே. எனக்கு யோசிக்கவே வரல.”

நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தனக்காகத்தான். அவள் பெங்களூர் போகவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. எதிராளியின் பத்தியை ஒப்பேற்றிவிட்டு மறுப்புக்குப் போகலாம் என்று உட்கார்ந்தால், அந்தப் பத்தி என் அம்மா பேசுகிற மாதிரியே கடகடவென்று வந்தது. ‘நடக்கக் கற்றுக்கொடுத்த கை நடுங்கும்போது, அதைப் பிடிக்காமல் எந்த ஊருக்கு நடக்கப் போகிறாய்?’ என்று ஒரு வரி. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அந்த வாரம் எனக்கு மதிய ஷிப்ட், அவளுக்கு நைட். அவள் தூங்கி எழுவதற்கும் நான் பஸ் பிடிப்பதற்கும் நடுவில்தான் பேச்சு. “ஏமக்கா, முடிஞ்சுதா?” என்றாள், தலை வாரிக்கொண்டே. எழுதியவரைக்கும் படித்தேன். இது எதிராளி பேசுவது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. என் கட்டுரை எனக்குத் தெரியும் அல்லவா, அவளுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அந்த வரி வந்தபோது அவள் சீப்பு நின்றுவிட்டது. வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. “இன்னும் மீதி இருக்கு, நாளைக்குப் படிக்கறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தால், அவள் செய்தி. ‘ஊருக்குப் போறேன்க்கா. நீ எழுதினதுதான் சரி.’ அறைக்கு வந்தேன், கட்டிலடியில் அவள் பெட்டி இல்லை.

காலையில் போன் போட்டேன். பேசினது எதிராளி, நான் இன்னும் வாயே திறக்கலடி என்று சொல்லத்தான் போட்டேன். அவள் முந்திக்கொண்டாள். “ராத்திரி நல்லாத் தூங்கினேன்க்கா. எத்தன நாளாச்சு தெரியுமா.” எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா துக்கமா, அதுவும் தெரியவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிட்டேன்.

அப்புறம் மறுப்பு எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. யாரை மறுப்பது, நிம்மதியாகத் தூங்குகிறவளையா? திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கே எதிராளி சொல்வது சரிதானோ என்று ஆகிவிட்டது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓரத்தில் ‘நீங்கள் எந்தப் பக்கம்?’ என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். அதைத்தான் சார் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஹாஸ்டல் இப்போது அட்டைப்பெட்டி குடோன். கம்பெனியும் இடம் மாறிவிட்டது. பூங்கொத்தை மேஜையில் வைத்த கையோடு, ரொம்ப நாள் கழித்து மஞ்சுளாவைக் கூப்பிட்டேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், குடில் ஒரு காற்றில் கிழிந்துபோய் அண்ணன் தக்காளிக்கு மாறிவிட்டார் என்றாள். “நல்லாத்தான் இருக்கேன்க்கா” என்றாள்.

“அன்னிக்கு மீதி இருக்குன்னு சொன்னியேக்கா. அதுல என்ன எழுதியிருந்தே?”

“அத எழுதவே இல்லடி.”

“பரவால்ல விடுக்கா” என்றாள். “நான்தானே அடுத்த நாள் வரைக்கும் இருக்கல.”