வெள்ளையடித்த கல்: நெய்வேலியிலிருந்து மனை பார்க்கப் போன ஒரு ஞாயிறு

அடுத்த ஆண்டு எனக்குப் பணி ஓய்வு. அத்தோடு நிலக்கரிச் சுரங்க நிறுவனம் கொடுத்த குவார்ட்டர்ஸையும் காலி செய்தாக வேண்டும். நெய்வேலி நகரியத்தில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த எனக்குச் சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. குழாய் ஒழுகினால் புகார் எழுதிக் கொடுத்தே பழகிய கூட்டம் நாங்கள். நிலம் வாங்குவதில் அறுபதை நெருங்கும் குழந்தைகள். இந்த அறியாமையை நம்பி ஒரு தொழிலே நடக்கிறது என்பதைச் சென்ற மாதம் கண்டேன். முதன்முதலாக மனை வாங்கத் துடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு மெயின் பஜாரில் வேன் நின்றது. கட்டணம் இல்லை. காலையில் பொங்கல், மதியம் பிரியாணி, எல்லாம் இலவசம். (இலவசம் என்ற சொல்லிலேயே நான் இறங்கியிருக்க வேண்டும்.) அழைத்தவர் தாமோதரன். நிலத்தில் துளையிட்டுப் பழுப்பு நிலக்கரியைத் தேடும் பிரிவில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மனை முகவர். முன் இருக்கையில் குமார், செல்வி தம்பதியர். குமார் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. நகையை விற்ற பணம் செல்வியின் மடியில் ஒரு துணிப்பைக்குள் இருந்தது. அன்றே முன்பணம் கட்டினால் சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"மைன்ஸ் இந்தப் பக்கம் வரவே வராது. நான் அந்த டிபார்ட்மென்ட்லயே இருந்தவன்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் தாமோதரன். சுரங்கம் விரிந்தால் வாங்கிய மனையை எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் இங்கே எல்லோருக்கும் உள்ள பயம்.

வடலூரைத் தாண்டி, குள்ளஞ்சாவடிக்கு முன்பாகவே ஒரு மண்சாலையில் திரும்பினோம். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். முந்திரித் தோப்பை அழித்த செம்மண் தரையில் வண்ணக் கொடிகளும் வெள்ளையடித்த எல்லைக் கற்களும் நின்றன. நாற்காலி போட்டார்கள், எனக்கு உட்காரப் பொறுமை இல்லை. நடந்தேன்.

குமார் தம்பதியருக்குக் காட்டிய மனையின் மூலைக் கல் மட்டும் மற்றவற்றைவிடப் பருமனாக இருந்தது. சாவியால் சுண்ணாம்பைச் சுரண்டினேன். உள்ளே எண் பொறித்திருந்தது. துளையிட்டுப் பார்த்து மூடிய இடத்தில் அடையாளத்துக்கு நடும் சிமெண்ட் தூண் அது. தாமோதரனும் நானும் எத்தனையோ நட்டிருக்கிறோம். துளையிட்ட இடமெல்லாம் சுரங்கமாவதில்லை என்பது உண்மை. அதற்காக அதன் மேல் சுண்ணாம்பு அடிப்பானேன்?

"தாமு, இது என்ன கல்?"

"எல்லைக் கல் சார்."

"எல்லைக் கல்லுக்கு எப்பலேர்ந்து இந்த மாதிரி நம்பர் போடுறோம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு வேணாம்னா விடுங்க சார். அந்தாண்ட நல்ல பிளாட் எடுத்துத் தரேன். கூட்டத்துல பேசாதீங்க."

நான் திரும்பிக் குமாரிடம் அது என்ன தூண் என்பதைச் சொன்னேன். அவர் முகம் வாடவில்லை, மலர்ந்தது. "அப்ப மைன்ஸ் வந்தா, நெலத்துக்குப் பணமும் குடுத்து பர்மனென்ட் வேலையும் குடுப்பாங்கல்ல சார்?"

எங்கள் பகுதிக்கே உரிய மயக்கம் இது. தாமோதரன் தாவிப் பிடித்துக்கொண்டார். "அதைத்தான் தம்பி நானும் சொல்ல வந்தேன்! ரெண்டு பக்கமும் லாபம்!"

செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வராதுன்னு சொல்லி ஏத்திக்கினு வந்தீங்க. வரும்னு சொல்லி விக்கிறீங்க. செரிங்க. இதுல உங்க மனை எதுங்கண்ணா?"

"எனக்குக் கடலூர்ல வீடு இருக்கும்மா."

"அப்ப நாங்களும் அங்கியே பாத்துக்கிறோங்க. பிரியாணிய நீங்களே சாப்புடுங்க."

மூவரும் குள்ளஞ்சாவடி வரை நடந்து பேருந்து பிடித்தோம். அவர்கள் பணம் அவர்களிடமே இருக்கிறது. எனக்கு இன்னும் மனை அமையவில்லை. ஓய்வுக்கு மிச்சமிருக்கும் மாதங்களை நாட்காட்டியில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இருந்தும் சொல்கிறேன்: விற்பவர் வண்டியில் போகாதீர்கள். போன அன்றே முன்பணம் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றையும் மனைப்பிரிவு அங்கீகாரத்தையும் நீங்களே சரிபாருங்கள். சுரங்கத்துக்காக நிலம் எடுக்கும் அறிவிப்பு உண்டா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். சுரங்கம் வந்தால் வேலை கிடைக்கும் என்று எந்த முகவர் சொன்னாலும், அதை எழுத்தில் கேளுங்கள், தர மாட்டார்.

வேன் இன்னும் ஓடுகிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு மெயின் பஜாரில் அதன் கதவருகே நானும் நிற்கிறேன். சுரண்டிய கல்லின் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. பார்த்துவிட்டு ஏறுங்கள்.